வரிசை எங்கே உடைந்தது? கௌகமேலா போர் தீர்ந்த விதம்

பண்டைக்காலப் போர் என்றதும் நம் மனதில் ஓடுவது சினிமாக் காட்சிதான். இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கானவர்கள் கத்திக்கொண்டே ஓடிவருவார்கள். நடுவில் மோதுவார்கள். அப்புறம் யார் எந்தப் பக்கம் என்றே தெரியாத அளவுக்குக் கலந்துவிடுவார்கள். கதாநாயகன் ஒரே வீச்சில் பத்துப் பேரைச் சாய்ப்பான். புழுதி அடங்கும்போது எந்தப் பக்கம் அதிகம் பேர் நிற்கிறார்களோ அந்தப் பக்கம் வெற்றி.

கி.மு. 331 அக்டோபர் 1 அன்று, இன்றைய வடக்கு இராக்கில் மோசுல் நகரம் இருக்கும் வட்டாரத்தில், மாசிடோனிய அரசர் அலெக்சாண்டருக்கும் பாரசீகப் பேரரசர் மூன்றாம் டாரியஸுக்கும் நடந்த கௌகமேலா போரையும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். "பத்து லட்சம் பேரை வெறும் நாற்பத்தேழாயிரம் பேர் வென்றார்கள்." "எல்லாம் அலெக்சாண்டரின் வீரம்." "டாரியஸ் ஒரு கோழை, பாதியில் ஓடிவிட்டார்." பட்டிமன்ற மேடையானாலும் வாட்ஸ்அப் குழுவானாலும் இந்த மூன்று வாக்கியத்தோடு கதை முடிந்துவிடும். போர் எப்படித் தீர்ந்தது என்ற கேள்விக்கு மூன்றிலும் பதில் கிடையாது.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ராணுவப் படிப்பெல்லாம் தேவையில்லை. கபடி பார்த்திருந்தால் போதும்.

கூட்டம் வேறு, படை வேறு

சின்ன வயதில் ஒரு தேர்த் திருவிழாவில் பார்த்தது. எங்கோ ஒரு லாரி டயர் வெடித்தது. பக்கத்திலேயே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், டயர்தான் என்று தெரிந்ததும் சிரித்தார்கள். நூறு அடி தள்ளி நின்றவர்கள்தான் ஓட ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள், அவர்களைப் பார்த்து நான். ஒரு செருப்பு போனது. ஏன்டா ஓடினாய் என்று வீட்டில் கேட்டபோது, "எல்லாரும் ஓடினாங்க" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போரின் நடுவில் மறுபடியும் இதே இடத்துக்கு வருவோம்.

ஒரு படைக்கும் ஒரு கூட்டத்துக்கும் ஆயுதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நிற்பதில்தான் இருக்கிறது. வீரர்கள் ஒருவர் தோளோடு ஒருவர் சேர்ந்து, ஒரே திசையைப் பார்த்து, வரிசை வரிசையாக நிற்கும் அமைப்புக்கு அணி என்று பெயர். அணியில் நிற்பவனுக்கு இடமும் வலமும் ஆள் இருக்கிறது, முதுகுக்குப் பின்னாலும் ஆள் இருக்கிறது. அவனுக்கு வரும் ஆபத்து ஒரே திசையிலிருந்துதான், முன்னாலிருந்து. அங்கே அவன் கேடயமும் ஈட்டியும் இருக்கின்றன. அதனால் இரண்டு நல்ல அணிகள் நேருக்கு நேர் மோதினால், சினிமாவில் வருவது போலச் சட்டென்று ஆட்கள் விழுந்துவிட மாட்டார்கள். தள்ளுவார்கள், குத்துவார்கள், மூச்சு வாங்கப் பின்வாங்குவார்கள், மறுபடி நெருங்குவார்கள்.

அணியின் பலவீனம் அதன் ஓரங்களிலும் முதுகிலும் இருக்கிறது. ஓரத்தை நாம் விலா என்று சொல்லலாம். விலாவில் ஒருவன் புகுந்து குத்தினால், முன்னால் பார்த்து நிற்பவனால் சட்டென்று திரும்ப முடியாது. திரும்பினால் வரிசை கலையும். வரிசை கலைந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் பாதுகாப்பு போய்விடும். இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் இடத்தை விட்டு ஓடத் தொடங்கும் நிலைக்குக் குலைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பண்டைய போர்களில் பெரும்பாலான சாவு விழுந்தது மோதலின்போது அல்ல, குலைவுக்குப் பிறகு. முதுகைக் காட்டி ஓடுபவனை, அதுவும் குதிரையில் துரத்தி வெட்டுவது மிகச் சுலபம்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: எதிரியை எல்லாம் கொன்று முடித்து ஜெயிப்பது கிடையாது. எதிரியின் அணியைக் குலைத்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும்.

எதிரெதிரே வந்து நின்ற கதை

பின்னணியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அலெக்சாண்டர் கி.மு. 334ல் ஆசியாவுக்குள் நுழைந்தார். 333ல் இஸ்ஸஸ் என்ற இடத்தில் டாரியஸை முதன்முறை நேரில் தோற்கடித்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் குறுகலான நிலம். அங்கே டாரியஸின் பெரிய படை விரிந்து நிற்கவே இடமில்லை. டாரியஸ் தப்பித்தார். அவருடைய தாய் சிசிகாம்பிஸ், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சிறைப்பட்டார்கள். அதன்பின் அலெக்சாண்டர் டயர் என்ற கடற்கரை நகரத்தை ஏழு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார், எகிப்துக்குப் போனார். நடுவில் டாரியஸ் சமாதானம் பேசினார். யூப்ரடீஸ் ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம் முழுவதும், பத்தாயிரம் தாலந்து பணம், ஒரு மகள் என்று பேரம் நடந்தது. தாலந்து என்பது அந்தக் கால எடை. ஒரு தாலந்து வெள்ளி சுமார் 26 கிலோ. அலெக்சாண்டர் மறுத்துவிட்டார்.

டாரியஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இஸ்ஸஸில் இடம்தான் தன்னைத் தோற்கடித்தது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. இந்த முறை இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தார். கௌகமேலாவின் பரந்த சமவெளி. மேடுபள்ளமான பகுதிகளை ஆட்களை வைத்துச் சமப்படுத்தினார். குதிரைகளும், சக்கர அச்சில் அரிவாள் கட்டிய 200 ரதங்களும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக. பேரரசின் கிழக்கிலிருந்து, பாக்ட்ரியா, சோக்டியா, சிந்து நதிப் பக்கம் வரை, நல்ல குதிரைப்படைகளை வரவழைத்தார். இந்தியர்கள் கொண்டுவந்த 15 யானைகளும் அதில் இருந்தன. (யானைகள் என்றதும் நமக்கு ஆர்வம் வரும். ஆனால் சண்டையில் அவை எதுவும் செய்ததாகச் செய்தி இல்லை. போர் முடிந்தபின் முகாமில் பிடிபட்டன, அவ்வளவுதான்.)

என் கணக்கில் இது கோழை செய்கிற ஏற்பாடு இல்லை. தோல்வியிலிருந்து பாடம் படித்தவன் செய்கிற ஏற்பாடு.

பத்து லட்சம் பேரா?

அர்ரியன் என்ற கிரேக்க ஆசிரியர், போர் நடந்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர், டாரியஸிடம் பத்து லட்சம் காலாட்படையும் நாற்பதாயிரம் குதிரைப்படையும் இருந்ததாகச் சொல்கிறார். அலெக்சாண்டரிடம் நாற்பதாயிரம் காலாட்கள், ஏழாயிரம் குதிரைகள். இன்னொரு பழைய ஆசிரியரான கர்ட்டியஸ், டாரியஸின் காலாட்படை இரண்டு லட்சம் என்கிறார். கதை சொல்கிறவர் மாற மாற எண்ணிக்கையும் மாறுகிறது என்றால், அந்த எண்ணை நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்து லட்சம் பேர் பத்துப் பத்துப் பேராக வரிசையில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் வரிசை. வரிசைக்கு இரண்டு மீட்டர் என்றால் 200 கிலோமீட்டர் நீளம். சென்னையில் வால் இருந்தால், தலை விழுப்புரத்தைத் தாண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றால் முப்பது லட்சம் லிட்டர். நம்மூர்ப் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் 250 லாரி. இதில் குதிரைக்குத் தண்ணீர் சேர்க்கவில்லை, சோற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்றைய ஆய்வாளர்கள் பலர் டாரியஸின் படையை ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் மதிப்பிடுகிறார்கள். அப்படியும் அது பெரிய படைதான். முக்கியமாக, குதிரைப்படையில் பல மடங்கு அதிகம். அலெக்சாண்டருக்கு உண்மையான தலைவலி அதுதான். தட்டையான வெளியில் அதிகக் குதிரை வைத்திருப்பவன் உங்கள் விலாவைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவான்.

யார் எங்கே நின்றார்கள்

மாசிடோனியர்களின் நடுவில் ஃபேலங்க்ஸ் நின்றது. நீள ஈட்டிக்காரர்களின் அடர்த்தியான அணி அது. ஈட்டியின் பெயர் சரிஸ்ஸா; ஐந்து முதல் ஆறு மீட்டர் வரை நீளம், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முதல் ஐந்து வரிசைக்காரர்களின் ஈட்டி முனைகள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே நிற்பவனுக்கு முள்வேலி நடந்து வருவது போல இருக்கும். முன்னால் போவதற்கு இதைவிட நல்ல அணி இல்லை. ஆனால் சட்டென்று திரும்ப முடியாது. ஆறு மீட்டர் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குள் திரும்பிப் பாருங்கள், புரியும்.

வலப்பக்கம் அலெக்சாண்டர், தன்னுடைய தோழர் படையோடு. மாசிடோனியப் பிரபுக்குடும்பத்துக் குதிரைவீரர்களுக்கு அந்தப் பெயர். சுமார் இரண்டாயிரம் பேர். இடப்பக்கம் மூத்த தளபதி பார்மீனியன், தெசலி நாட்டுக் குதிரைப்படையோடு.

எதிரே நடுவில் டாரியஸ், தன் மெய்க்காவல் படையும் கூலிக்குச் சண்டையிடும் கிரேக்க வீரர்களும் சூழ. அவருடைய இடப்பக்கம், அதாவது அலெக்சாண்டருக்கு எதிர்ப்பக்கம், பாக்ட்ரியாவின் ஆளுநர் பெஸ்ஸஸ். வலப்பக்கம் மசேயஸ், பார்மீனியனுக்கு எதிரே. பாரசீகர்களின் வரிசை அத்தனை நீளம். அலெக்சாண்டரின் வலது முனை டாரியஸின் நடுப்பகுதிக்கு நேராகத்தான் வந்தது. சுற்றி வளைக்கப்படுவது நிச்சயம் என்பதால் அலெக்சாண்டர் ஃபேலங்க்ஸுக்குப் பின்னால் இரண்டாவதாக ஓர் அணியை நிறுத்தினார். பின்னாலிருந்து எதிரி வந்தால் அவர்கள் திரும்பி நின்று தாங்க வேண்டும் என்பது உத்தரவு. இந்த இரண்டாவது அணியை நினைவில் வையுங்கள்.

தூங்காத இரவு

அதற்கு முந்தின இரவு பற்றி ஒரு வார்த்தை. இரவோடு இரவாகத் தாக்கலாம் என்று பார்மீனியன் யோசனை சொன்னதாகவும், வெற்றியைத் திருட மாட்டேன் என்று அலெக்சாண்டர் பதில் சொன்னதாகவும் கதை. வசனம் உண்மையோ பொய்யோ, நடந்தது இதுதான்: இரவுத் தாக்குதல் வரும் என்று பயந்து பாரசீகப் படை விடியவிடிய ஆயுதத்தோடு நின்றுகொண்டே இருந்தது. மாசிடோனியர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். விடிந்தும் அலெக்சாண்டர் எழவில்லை, பார்மீனியன் போய் எழுப்ப வேண்டியிருந்தது என்று சில பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். இரவு முழுக்கக் கேடயத்தோடு நின்றவன் மறுநாள் எப்படி நிற்பான் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கபடிக் களத்தில் ஒரு பாடம்

இனி போர். மாசிடோனியப் படை நேராக முன்னே வரவில்லை. வலப்பக்கமாகச் சாய்ந்து, கோணலாக நகர்ந்தது.

கபடியில் பாடிப் போகிறவர் என்ன செய்வார்? எடுத்ததும் நடுவில் பாய மாட்டார். ஒரு மூலைக்குப் போவார். அவர் மூலையைத் தொட்டுவிடுவாரோ என்று பிடிக்கும் அணி கைகோத்தபடி அந்தப் பக்கம் இழுபடும். சங்கிலி நீளும். நீளும்போது எங்கேயோ இரண்டு பேருக்கு நடுவில் கை விடும். தேர்ந்த ஆட்டக்காரரின் கண் மூலையில் இருப்பது போலத் தெரியும். அவர் காத்திருப்பது அந்தக் கைவிடும் கணத்துக்காக.

அலெக்சாண்டர் வலப்பக்கம் போகப் போக, டாரியஸுக்கு இரண்டு கவலை. ஒன்று, இவர் என் இடப்பக்கத்தைச் சுற்றிவிடுவாரோ. இன்னொன்று, நான் பாடுபட்டுச் சமப்படுத்திய நிலத்தைத் தாண்டிப் போய்விட்டால் ரதம் எதற்கும் ஆகாதே. அதனால் பெஸ்ஸஸின் குதிரைப்படையை முன்னே அனுப்பி அலெக்சாண்டரின் வலது விலாவை வளைக்கச் சொன்னார். அலெக்சாண்டர் அதைத் தடுக்கச் சிறுசிறு படைகளாக அனுப்பினார். முதலில் அனுப்பியவர்கள் பின்வாங்கினார்கள். இன்னும் கொஞ்சம் பேரை அனுப்பினார். அவர்களை அடக்கப் பாரசீகர்கள் மேலும் ஆட்களை அனுப்பினார்கள். தோழர் படையை மட்டும் அலெக்சாண்டர் தொடவே இல்லை. எனக்கு இந்தப் போரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பக்கத்தில் தன் ஆட்கள் அடிவாங்கிக்கொண்டிருக்கும்போது, சிறந்த படையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதற்கு, பாய்வதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

நடுவில் அரிவாள் ரதங்கள் வந்தன. பயங்கரமான ஆயுதம் என்று பேர் வாங்கியவை, வேலை நடக்கவில்லை. அக்ரியானியர் என்ற மலைநாட்டு வேல்வீச்சுக்காரர்கள் குதிரைகளையும் ஓட்டிகளையும் தூரத்திலேயே அடித்து வீழ்த்தினார்கள். தப்பி வந்த ரதங்களுக்கு வீரர்கள் விலகி வழிவிட்டார்கள். ரதம் ஓடும்போது திரும்ப முடியாது, வழி இருந்தால் குதிரை வழியில்தான் ஓடும். பின்னால் போனவற்றைக் குதிரைக்காரர்களும் மெய்க்காவலர்களும் மடக்கிப் பிடித்தார்கள். பாடுபட்டு நிலத்தைச் செதுக்கியது இதற்குத்தான்.

சுருக்கமாக: அலெக்சாண்டர் ஓரத்துக்கு இழுத்தார், பாரசீக வரிசை அந்தப் பக்கம் நீண்டது, ஆட்களும் அந்தப் பக்கமே போனார்கள். இன்னும் எதுவும் தீரவில்லை.

முதல் ஓட்டை

பெஸ்ஸஸின் ஆட்கள் ஓரத்துக்குப் போகப் போக, அவர்களுக்கும் டாரியஸின் நடுப்பகுதிக்கும் இடையில் ஓட்டை விழுந்தது.

ஓட்டைக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஈட்டியோடு நெருக்கமாக நிற்கும் வரிசைக்குள் குதிரை பாயாது. எத்தனை அடித்தாலும் சுவர் போலத் தெரியும் ஒன்றின்மேல் போய் மோத மறுக்கும். ஆனால் இடைவெளி தெரிந்தால் அதற்குள் ஓடும். உள்ளே புகுந்துவிட்டால் இரண்டு பக்கமும் இருப்பவை எதிரியின் விலாக்கள்.

அலெக்சாண்டர் இவ்வளவு நேரம் வைத்திருந்த தோழர் படையை ஆப்பு வடிவத்தில் திருப்பினார். முன்னே ஒருவர், பின்னே போகப் போக அகலமாக. விறகு பிளக்க ஆப்பு அடிப்பது எப்படியோ அப்படி. பக்கத்தில் இருந்த ஃபேலங்க்ஸின் ஒரு பகுதியும் சேர்ந்துகொண்டது. ஆப்பு நேராக டாரியஸ் நின்ற இடத்தை நோக்கிப் போனது.

இங்கேதான் அந்த லாரி டயர். அலெக்சாண்டர் எறிந்த வேல் டாரியஸைத் தவறவிட்டு அவருடைய தேரோட்டியைச் சாய்த்தது என்று டயடோரஸ் என்ற ஆசிரியர் எழுதுகிறார். பக்கத்தில் இருந்தவர்கள் அலறினார்கள். தள்ளி நின்றவர்கள் விழுந்தது அரசர்தான் என்று நினைத்துவிட்டார்கள். ஓட ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். கிளம்பிய புழுதியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. டாரியஸின் பக்கவாட்டுக் காவல் கரைந்ததும் அவரும் தேரைத் திருப்பினார்.

இரண்டாவது ஓட்டை

பொதுவாகக் கதை சொல்பவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பாதிதான் சொன்னதாக ஆகும். ஏனென்றால் அதே நேரத்தில் மாசிடோனிய வரிசையிலும் ஓட்டை விழுந்திருந்தது.

அலெக்சாண்டரோடு சேர்ந்து ஃபேலங்க்ஸின் வலது பகுதி முன்னே ஓடிவிட்டது. இடது பகுதியோ நகர முடியாமல் நின்றது. அங்கே மசேயஸின் குதிரைப்படை பார்மீனியனைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தது. நடுவில் இடைவெளி. அதைப் பார்த்துவிட்ட இந்திய, பாரசீகக் குதிரைவீரர்கள் அதற்குள் புகுந்து மாசிடோனியர்களின் முதுகுப்பக்கம் வந்துவிட்டார்கள்.

இப்போது அவர்கள் கையில் இருந்தது அலெக்சாண்டருக்குக் கிடைத்த அதே வாய்ப்பு. திரும்பி ஃபேலங்க்ஸின் முதுகில் அடித்திருந்தால், ஆறு மீட்டர் ஈட்டிக்காரர்களால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க முடியாது. அவர்கள் திரும்பவில்லை. நேராக ஓடி மூட்டைமுடிச்சு வைத்திருந்த முகாமில் புகுந்தார்கள். கொள்ளையடித்தார்கள், சிறைக்கைதிகளை அவிழ்த்துவிட்டார்கள். டாரியஸின் தாய் சிசிகாம்பிஸை விடுவிக்கவும் முயன்றார்களாம். அந்த அம்மாள் இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை என்று டயடோரஸும் கர்ட்டியஸும் எழுதுகிறார்கள். கொஞ்ச நேரத்தில், நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த இரண்டாவது அணி திரும்பி வந்து கொள்ளையர்களின் முதுகில் அடித்தது.

இரண்டு ஓட்டைகள், ஏறக்குறைய ஒரே நேரத்தில். ஒன்றில் புகுந்தவர்கள் எதிரியின் அரசரை நோக்கிப் போனார்கள். இன்னொன்றில் புகுந்தவர்கள் மூட்டைகளை நோக்கிப் போனார்கள். வீரத்தில் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் என்று சொல்ல முடியாது. எதிரி வரிசைக்குள் பாய்வதற்கு இந்தியக் குதிரைவீரனுக்கும் அதே நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும். உள்ளே போனபின் என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவும், அதைச் சொல்ல அங்கேயே ஒரு தலைவனும் ஒரு பக்கம் இருந்தன. இன்னொரு பக்கம் இல்லை. கௌகமேலா தீர்ந்தது இந்த வித்தியாசத்தில் என்பது என் கட்சி.

பார்மீனியன் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். அலெக்சாண்டர் டாரியஸைத் துரத்துவதை விட்டுவிட்டுத் திரும்பினார் என்று அர்ரியன் சொல்கிறார். வழியில், தப்பித்துப் போய்க்கொண்டிருந்த பார்த்திய, இந்திய, பாரசீகக் குதிரைப்படையோடு நேருக்கு நேர் மோத வேண்டியதாயிற்று. அன்றைய சண்டையிலேயே கடுமையானது அதுதான். அவர்கள் ஜெயிப்பதற்காக அல்ல, வீடு போய்ச் சேர வழி வேண்டும் என்று சண்டையிட்டார்கள். தோழர் படையில் அறுபது பேர் அங்கே விழுந்தார்கள். அலெக்சாண்டர் பார்மீனியனிடம் போய்ச் சேர்வதற்குள் தெசலி வீரர்கள் தாங்களே மசேயஸை விரட்டியிருந்தார்கள்.

அப்புறம் துரத்தல். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த அர்பேலா வரை, இன்றைய எர்பில் நகரம் வரை, துரத்தினார்கள். (பழைய புத்தகங்களில் அர்பேலா போர் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இதே போர்தான்.) அங்கே டாரியஸின் தேர் கிடைத்தது, டாரியஸ் கிடைக்கவில்லை. இறந்தவர் கணக்கும் நம்பும்படி இல்லை: மாசிடோனியரில் சுமார் நூறு பேர், எதிரியில் மூன்று லட்சம் என்கிறார் அர்ரியன். ஆனால் அதே இடத்தில், துரத்தலின் களைப்பிலும் காயத்திலும் மாசிடோனியர்களின் குதிரைகள் ஆயிரத்துக்கு மேல் செத்தன என்றும் எழுதுகிறார். குலைவுக்குப் பிறகுதான் பெரும் வேலை நடந்தது என்பதற்கு அந்த ஆயிரம் குதிரை போதும்.

டாரியஸ் கோழையா?

டாரியஸ்தான் முதலில் ஓடினார், அதைப் பார்த்துப் படை ஓடியது என்பது அர்ரியன் பக்கத்துக் கதை. படை கரைந்தது, அப்புறம் டாரியஸ் கிளம்பினார் என்பது டயடோரஸ் பக்கத்துக் கதை. இரண்டுமே பல நூறு ஆண்டு கழித்து, கிரேக்கர்களின் பார்வையில் எழுதப்பட்டவை. நல்லவேளையாக மூன்றாவதாக ஒரு சாட்சி இருக்கிறது.

பாபிலோனில் கோயிலைச் சேர்ந்த வானியலாளர்கள் நாள்தோறும் குறிப்பு எழுதிவந்தார்கள். ஈரக் களிமண் பலகையில் ஆப்பு வடிவ எழுத்துகளைக் குத்திக் காயவைப்பார்கள். அந்த மாதத்துப் பலகை, உடைந்து சிதைந்த நிலையில், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலூலு மாதம் 13ம் நாள் சந்திர கிரகணம் என்று அதில் குறித்திருக்கிறது. அந்தக் கிரகணம் செப்டம்பர் 20ம் தேதி இரவு நடந்தது என்று கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது. போர் 24ம் நாள் என்கிறது பலகை. பதினோரு நாள் கூட்டினால் அக்டோபர் 1. கட்டுரைத் தொடக்கத்தில் அவ்வளவு உறுதியாகத் தேதி சொன்னது இந்தத் தைரியத்தில்தான்.

அந்தப் பலகை இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. போருக்குப் பல நாள் முன்பே அரசரின் முகாமில் பீதி பரவியிருந்தது. போர் நாளன்று படைகள் அரசரைக் கைவிட்டுத் தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டன. கைவிட்டது படை. இதை எழுதியவருக்கு டாரியஸைப் புகழ வேண்டிய தேவையும் இல்லை, அலெக்சாண்டரைப் புகழ வேண்டிய தேவையும் இல்லை.

இன்னொன்றையும் யோசிக்கலாம். சதுரங்கத்தில் ராஜா விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பாரசீகப் பேரரசும் அப்படித்தான். அரசர் உயிரோடு தப்பினால் இன்னொரு படை திரட்டலாம், இஸ்ஸஸுக்குப் பிறகு அப்படித்தான் திரட்டினார். நின்று செத்திருந்தால் வீரன் என்று பெயர் வந்திருக்கும், பேரரசு அன்றே போயிருக்கும்.

இஸ்ஸஸ் தீர்க்காததை இது தீர்த்தது ஏன்

ஒரு போர் தீர்மானமானது என்று எப்போது சொல்கிறோம்? எவ்வளவு பேர் செத்தார்கள் என்பதை வைத்து அல்ல. தோற்றவனால் மறுபடி எழ முடிந்ததா என்பதை வைத்து. கடையில் ஒருநாள் வியாபாரம் படுத்தால் மறுநாள் திறக்கலாம். முதலே போய்விட்டால் திறக்க முடியாது. இஸ்ஸஸில் டாரியஸுக்குப் போனது ஒரு நாள் வியாபாரம். பாபிலோன், சூசா, பெர்செபோலிஸ் என்று வரி வந்து சேரும் நகரங்களும், குதிரைகள் வரும் கிழக்கு நாடுகளும் அப்படியே இருந்தன. கௌகமேலாவுக்குப் பிறகு அந்த நகரங்களுக்குப் போகும் வழியில் தடுக்க ஒரு பெரும்படை இல்லை. சூசாவில் மட்டும் அலெக்சாண்டருக்குக் கிடைத்தது ஐம்பதாயிரம் தாலந்து வெள்ளி என்கிறார் அர்ரியன். டாரியஸ் முன்பு பேரம் பேசிய தொகையைப் போல ஐந்து மடங்கு.

டாரியஸ் மலைகளைத் தாண்டி எக்பட்டானா என்ற நகரத்துக்குப் போனார். மறுபடி படை திரட்டப் பார்த்தார். கி.மு. 330 கோடையில் பெஸ்ஸஸும் கூட்டாளிகளும் அவரைச் சிறைபிடித்துக் கொன்றார்கள். அணியில் ஓட்டை விழுந்த அந்த இடப்பக்கத்தின் தளபதியாக நின்ற அதே பெஸ்ஸஸ்தான்.

மசேயஸ் வேறு கணக்குப் போட்டார். பார்மீனியனைக் கிட்டத்தட்டத் தோற்கடித்த அவர் பாபிலோனுக்குப் போய், அலெக்சாண்டர் வந்ததும் நகரத்தை ஒப்படைத்தார். அலெக்சாண்டர் அவரையே பாபிலோனுக்கு ஆளுநராக வைத்தார்.

நகரத்துக்குள் இருந்த வானியலாளர் குறிப்பை நிறுத்தவில்லை. போரைச் சொல்லும் அதே பலகையில் கடுகும் எள்ளும் அந்த மாதம் என்ன விலைக்கு விற்றன என்று இருக்கிறது. குரு விருச்சிகத்தில், சனி மீனத்தில் என்று நம் பஞ்சாங்கம் போலவே கிரக நிலை இருக்கிறது. அடுத்த மாதக் குறிப்பில், உங்கள் வீடுகளுக்குள் நுழைய மாட்டேன் என்று அலெக்சாண்டர் அனுப்பிய உறுதிமொழி வருகிறது. சில வரி கழித்து, உலகின் அரசர் அலெக்சாண்டர் பாபிலோனுக்குள் வந்தார் என்று ஒரு வரி.